பாதியில் நின்ற வசவு

காயில்காரர் தம் ஐம்பத்து மூன்று வருட வாழ்க்கையில் செய்த ஒரே குற்றம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, நீர் வழங்கல் அலுவலகத்தின் வாடிக்கையாளர் சேவைக் கூடத்தில், ஐந்தாம் எண் கவுண்டருக்கு எதிரே நடந்தது. குற்றம் நடந்தபோது அவர் வரிசையில் இரண்டாவது ஆளாக நின்றிருந்தார். தண்ணீர் இணைப்பை மனைவி பெயருக்கு மாற்றித் தரச் சொல்லும் விண்ணப்பமும், அதனுடன் சேர்க்க வேண்டிய நகல்கள் ஏழும் கையில் இருந்தன.

அவருக்கு எரிந்துபோன மோட்டார்களுக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றிக் கொடுக்கும் தொழில். நாள் முழுக்கச் சுற்றுகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பதால் அதிகம் பேச மாட்டார். பேசினால் எண்ணிக்கை விட்டுப்போகும். அப்படிப்பட்டவர் அன்றைக்கு வாயைத் திறந்ததுதான் கதை.

வரிசையில் முதலில் நின்றவர் ஒரு கட்டட காண்ட்ராக்டர். அவருடைய படிவத்தில் மேலதிகாரியின் கையெழுத்து இல்லை. கவுண்டரில் இருந்த பெண் அதைச் சொன்னாள். எழுதப் படிக்கத் தெரியுமா என்று காண்ட்ராக்டர் கேட்டார். தெரியும் என்று எந்த மடையன் சான்றிதழ் கொடுத்தான் என்றும் அவரே கேட்டார். இந்த நாற்காலிக்கு யார் காலைப் பிடித்தாய் என்றார். பிறகு அவள் முகத்தைப் பற்றி, அவளைப் பெற்றவர்களைப் பற்றி என்று வரிசைக்கிரமமாகப் போனார். அவள் ஒரே குரலில், கையெழுத்து மேலதிகாரிதான் போட வேண்டும் என்று நாலாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் ஆடவில்லை. மேசைமேல் வைத்திருந்த ரப்பர் ஸ்டாம்பை மட்டும் எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

பின்னால் பதினேழு பேர் நின்றார்கள். ஒருவர் கூரையில் ஒட்டடையைக் கண்டுபிடித்தார். இருவர் சுவரிலிருந்த, ஏற்கெனவே மூன்று முறை படித்து முடித்த அறிவிப்பைத் திரும்பப் படிக்கத் தொடங்கினார்கள். ஒருவர், அடிக்காத போனை எடுத்து, பேசாத ஆளுக்கு "ஆமாம், ஆமாம்" என்றார். காண்ட்ராக்டர் மேசையைத் தட்டி, "உன்ன மாதிரி ஆளுங்களை எல்லாம்..." என்று ஆரம்பித்தபோது காயில்காரர் சொன்னார்:

"சார், அவங்க என்ன பண்ணுவாங்க? கொஞ்சம் மரியாதையா பேசுங்க."

காண்ட்ராக்டர் திரும்பிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, படிவத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். கவுண்டர் பெண் காயில்காரரின் நகல்களை வாங்கி, எண்ணி, முத்திரை குத்தி, தலை நிமிராமலே "தேங்க்ஸ்ணே" என்றாள். வேலை முடிந்தது என்று அவர் கடைக்குப் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. மனைவி பெயருக்கு இணைப்பு மாறிவிட்டது என்று சந்தோஷமாகப் பிரித்தார். "தாங்கள் மேற்படி நாளில், உரிய அனுமதியின்றியும், படிநிலைகளைப் பின்பற்றாமலும், வாடிக்கையாளர் ஒருவர் தம் அதிருப்தியைத் தெரிவித்துக்கொண்டிருந்தபோது குறுக்கிட்டு, அது முழுமையடையாமல் போகக் காரணமாக இருந்தது தெரியவருகிறது" என்று இருந்தது. மூன்றாம் மாடியிலுள்ள உடனிருப்போர் நடத்தைப் பிரிவில் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். கீழே, சுற்றியும் பூப்போட்ட ஒரு கட்டத்துக்குள், "ஊழியரை மதிப்போம்" என்று அச்சிட்டிருந்தது.

மனைவி கடிதத்தை இரண்டு தரம் படித்தாள்.

"அங்க என்னதான் சொன்னீங்க? ஒரு எழுத்து விடாம சொல்லுங்க."

சொன்னார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். எங்க அண்ணன் நடுவீட்டுல நின்னு என்னை அத்தனை பேச்சு பேசினப்போ, நீங்க ஃபேன் ரெகுலேட்டரைக் கழட்டி வச்சுக்கிட்டு காது கேக்காத மாதிரி உக்காந்திருந்தீங்க. முன்னப்பின்ன தெரியாத இடத்துல வாய் வந்துச்சாக்கும்."

அந்த ரெகுலேட்டரில் அன்றைக்கு உண்மையிலேயே கோளாறு இருந்தது என்று சொல்ல நினைத்தார்.

மூன்றாம் மாடிப் பிரிவின் மேலாளர் மிகவும் தன்மையான மனிதர். எழுந்து நின்று வரவேற்றார், உட்காரச் சொன்னார், மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டார். இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது என்று காயில்காரர் தயங்கித் தயங்கிச் சொல்ல, மேலாளர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

"நாலு வருஷமா நடத்தறோம் சார். எங்க அக்கறை முழுக்க ஊழியர்கள் மேலதான். கவுண்டர்ல உக்கார்றவங்க படற பாடு எங்களுக்குத் தெரியாதா? அதனாலதான் கண்டவங்க வந்து அவங்களுக்கு உதவி பண்ணிடக் கூடாதுன்னு ரொம்ப கவனமா இருக்கோம்."

உதவி செய்வதற்கு ஐந்து படிகள் உண்டு என்று விளக்கினார். முதல் படி, திட்டுகிறவரின் கவனத்தைத் திருப்புவது. மணி என்ன என்று கேட்கலாம். இரண்டாவது, பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைப்பது. மூன்றாவது, நடப்பதை எழுதி வைப்பது. நான்காவது, எல்லாம் முடிந்த பிறகு ஊழியரிடம் போய் நலம் விசாரிப்பது. ஐந்தாவது படிதான் நேரில் பேசுவது. அதற்கு மேலாளரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். வசவு நடப்பதற்கு மூன்று வேலை நாட்களுக்கு முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும்.

"நீங்க நேரா அஞ்சாவது படியில குதிச்சிட்டீங்க" என்றார், பிள்ளை மாடியிலிருந்து குதித்ததைச் சொல்வதுபோல.

அன்றைக்கு வரிசையில் நின்ற மற்றவர்களுக்கும் கடிதம் போயிருக்கிறதா என்று காயில்காரர் கேட்டார். போயிருந்தது. பதினேழு பேருக்கும் பாராட்டுக் கடிதம்.

காண்ட்ராக்டர் தாமாகப் புகார் கொடுக்கவில்லை என்பதும் பேச்சில் தெரிந்தது. அலுவலகத்திலிருந்துதான் அவருக்குப் போன் போட்டு, எங்கள் சேவை திருப்தியா என்று கேட்டிருக்கிறார்கள். திட்டிக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு ஆள் பேசிவிட்டான் என்று அவர் சும்மா சொல்லிவைத்திருக்கிறார். அந்தக் கணத்திலேயே அது "முழுமையடையாத அதிருப்தி" என்ற தலைப்பில் பதிவாகிவிட்டது. முழுமையடைந்த அதிருப்தியைத் தீர்க்கலாம், தள்ளுபடி செய்யலாம், கோப்பில் வைத்துக் கட்டலாம். பாதியில் நிற்பதை ஒன்றும் செய்ய முடியாது.

இந்த இடத்தில் காயில்காரர் தம்மையறியாமல் தலையாட்டினார். நூற்று எண்பது சுற்று சுற்ற வேண்டிய காயிலில், தொண்ணூறில் யாராவது கூப்பிட்டுவிட்டால் அவ்வளவுதான். அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து சுற்ற வேண்டும். அவர் தலையாட்டியதை மேலாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொண்டார்.

கீழே இறங்கும்போது படிக்கட்டுத் திருப்பத்தில் ஐந்தாம் கவுண்டர் பெண் காத்திருந்தாள்.

"அண்ணே, உங்களை அலைக்கழிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன். மன்னிச்சிடுங்க."

"நீ எதுக்கும்மா மன்னிப்பு கேக்கிறே? எனக்கு ஒரு காகிதம் வந்துச்சு, வந்தேன். அதோட விட்டுச்சு."

விடவில்லை என்று அவள் சொன்னாள். அவள் ஆறு வருடமாக ஒப்பந்த ஊழியர். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். பெயருக்கு எதிரே முழுமையடையாத அதிருப்தி ஒன்று நின்றாலும் புதுப்பிக்க மாட்டார்கள். இந்த மாதம் முப்பதாம் தேதியோடு ஒப்பந்தம் முடிகிறது. வீட்டில் படிக்கிற தங்கையும், நடமாட முடியாத அப்பாவும். சம்பாதிப்பவள் இவள் ஒருத்தி.

"அவன் திட்டி முடிச்சிருந்தா கோப்பை மூடியிருப்பாங்க அண்ணே. தப்பா நினைக்காதீங்க, நீங்க பேசினப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆறு வருஷத்துல நீங்கதான் முதல் ஆளு." கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஆனா இனிமே பேசிடாதீங்க."

மறுநாளே காயில்காரர் மேலாளரிடம் திரும்பிப் போய், அந்தப் பெண்ணின் பெயரிலிருந்து இதை எடுக்க என்ன வழி என்று கேட்டார். வழி இருந்தது. அவர் ஒருநாள் பயிற்சி முடித்துத் தகுதி பெற்ற உடனிருப்பவர் ஆக வேண்டும். பிறகு குழு முன்னிலையில் காண்ட்ராக்டர் தம் அதிருப்தியை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முடிப்பார். காயில்காரர் இந்த முறை விதிப்படி நடந்துகொள்வார். காண்ட்ராக்டர் "முடிந்தது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டால் கோப்பு மூடப்படும்.

"அந்தப் பொண்ணை மறுபடியும் உக்கார வச்சுத் திட்டுவாங்களா?"

"திட்டறதுன்னு சொல்லாதீங்க சார். நிறைவு செய்யறது."

பயிற்சி இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் நடந்தது. நாற்பது பேர் வந்திருந்தார்கள். தகுதிச் சான்றிதழ் இருந்தால் கூடத்தில் தனி வரிசை என்று அறிவித்திருந்ததால் முக்கால்வாசிப் பேர் அதற்காக வந்தவர்கள். பயிற்சிக்கு ஒரு திட்டுகிறவர், ஒரு திட்டு வாங்குகிறவர், ஒரு உடனிருப்பவர் தேவை. திட்டு வாங்குகிறவருக்கென்று தனியாக ஆள் போட நிதி ஒதுக்கீடு இல்லை. எனவே கவுண்டர் பெண்களையே முறை வைத்து அழைத்துவந்தார்கள். அன்றைய முறை ஐந்தாம் எண்ணுக்கு.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் முதலில் திட்ட வந்தார். கைகளைப் பிசைந்துகொண்டு, "ஏம்மா, நீ கொஞ்சம் மெதுவா வேலை பாக்கறியோன்னு எனக்கு ஒரு எண்ணம்" என்றார். பயிற்சியாளர் அதைத் தள்ளிவிட்டார். இப்படித் திட்டினால் உடனிருப்பவர் எப்படிக் கற்றுக்கொள்வார், இன்னும் கீழே இறங்குங்கள் என்றார். ஆசிரியர் இறங்கினார். மூன்றாவது சுற்றில் நன்றாக வந்தது. சாப்பாட்டு வேளைக்கு மணியடித்த பிறகும் அவரை நிறுத்த முடியவில்லை. முப்பத்தைந்து வருட ஆசிரியர் வாழ்க்கையில் தலைமையாசிரியரிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியம் இரண்டாம் படி. முதல் ஆள் பொறுப்பை இரண்டாம் ஆளிடம் ஒப்படைத்தார், இரண்டாம் ஆள் மூன்றாம் ஆளிடம். இப்படி நாற்பதாவது ஆள் வரை போய், அவர் முதல் ஆளிடம் ஒப்படைத்தார். வட்டம் ஓர் இடத்திலும் அறுபடவில்லை என்று பயிற்சியாளர் கைதட்டினார். அத்தனை நேரமும் அவள் நடுவில் உட்கார்ந்து திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

நான்காம் படிக்கு நாற்பது பேரும் வரிசையில் வந்து, "நீங்கள் நலமாக இருக்கிறீர்களா? என்னால் ஆன உதவி ஏதும் உண்டா?" என்று அட்டையைப் பார்த்துப் படித்தார்கள். காயில்காரர் முறை வந்தபோது அட்டையைப் படிக்காமல், சாப்பிட்டாயா என்று கேட்டார். அட்டையில் இல்லாததைக் கேட்டதற்காக ஐந்து மதிப்பெண் போயிற்று. அவள் சாப்பிட்டிருக்கவில்லை.

விசாரணை இருபத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு. நீண்ட மேசையின் நடுவில் மேலாளர், இருபுறமும் குழு உறுப்பினர்கள் இருவர், ஓரத்தில் பயிற்சியாளர், அவருக்குப் பக்கத்தில் சுருக்கெழுத்துக்காரர். எதிரே ஐந்தாம் கவுண்டர் பெண்ணுக்கு ஒரு நாற்காலி, காயில்காரருக்குச் சற்றுத் தள்ளி ஒன்று, பக்கவாட்டில் காண்ட்ராக்டருக்கு ஒன்று. நடந்தவரை பதிவான வசவைச் சுருக்கெழுத்துக்காரர் எழுந்து நின்று, செய்தி வாசிப்பதுபோல் வாசித்தார். "உன்ன மாதிரி ஆளுங்களை எல்லாம்" என்பதோடு நிற்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மேலாளர் காண்ட்ராக்டரைப் பார்த்து, "அங்கேருந்து தொடரலாம் சார்" என்றார்.

காண்ட்ராக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். மகளுக்கு ஆண் குழந்தை பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு ஏதோ அலைச்சல், வெயில், கோபத்தில் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன் என்றார். அந்தப் பெண்ணைப் பார்த்து, "மனசுல வச்சுக்காதம்மா" என்றார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுந்தார்.

மேலாளருக்கு வருத்தம். முழுமையடைந்த புகாரைத்தான் திரும்பப் பெற முடியும். முதலில் முடிக்க வேண்டும். காண்ட்ராக்டர் கண்ணை மூடி முயன்று பார்த்தார். வரவில்லை. "கோவம் வரமாட்டேங்குது சார்" என்று வெட்கத்தோடு சொன்னார். குழு கூடிப் பேசியது. வாடிக்கையாளருக்கு எல்லா உதவியும் செய்து தர வேண்டியது அலுவலகத்தின் கடமை என்று முடிவாயிற்று.

அந்த வகையில் அலுவலகத்துக்கு அனுபவம் இருந்தது. அடையாள அட்டையின் நகல் வேண்டும் என்று அவரைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள். நகல் எடுப்பவர் நாலாம் மாடிச் சீட்டு கேட்டார். லிஃப்ட் ஓடவில்லை. நாலாம் மாடியில் சீட்டு கொடுப்பவர் இருக்கையில் கைப்பை இருந்தது, ஆள் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து வந்தவர், இது போன மாதத்துப் படிவம் என்றார். புதுப் படிவம் கீழ்த்தளத்தில். அங்கே சாப்பாட்டு இடைவேளை. இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் கழித்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த காண்ட்ராக்டரின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மேலாளர் படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"நீல மையில கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார். கறுப்புல இல்ல இருக்கணும்."

காண்ட்ராக்டருக்குக் கோபம் வந்தது. ஆனால் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"யோவ், உன்ன மாதிரி ஆளுங்களை எல்லாம்..." என்று மேலாளரைப் பார்த்துத் தொடங்கினார். விட்ட இடம் மிகச் சரியாக இருந்தது.

அதன் பிறகு அவர் சொன்னதைச் சுருக்கெழுத்துக்காரர் மட்டுமே முழுமையாக வைத்திருக்கிறார். மேலாளரின் படிப்பு, மூளை, முகம், அவரைப் பெற்றவர்கள் என்று பழைய வரிசையிலேயே போய், இந்த முறை அவர் மனைவி, மாமனார் வரை எட்டியது. மேலாளரின் காதுகள் சிவந்தன. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். பயிற்சியாளர் முதல் படியாக, காண்ட்ராக்டரிடம் மணி என்ன என்று கேட்டார். அதற்கும் சேர்த்து மேலாளர் வாங்கினார். இடதுபுற உறுப்பினர் பொறுப்பை வலதுபுற உறுப்பினரிடம் ஒப்படைத்தார். அவர் கூரையைப் பார்த்தார். சுருக்கெழுத்துக்காரர் மூன்றாம் படியை ஒரு சொல் விடாமல் நிறைவேற்றிக்கொண்டிருந்தார்.

மேலாளர் காயில்காரரைப் பார்த்தார். அந்தப் பார்வையை இவர் ஏற்கெனவே ஒருமுறை கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருந்தார். இவருக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. தப்பு செய்தவனோ, செய்யாதவனோ, ஒரு மனுஷனை நாலு பேர் முன்னால் இப்படிக் கிழிப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? பாதி எழுந்துவிட்டார்.

"அண்ணே." அவள் உதடு அசையாமல் சொன்னாள். "உக்காருங்க. அவர் முடிக்கட்டும். யாரைத் திட்டணும்னு படிவத்துல கட்டம் இல்ல."

ஆறு வருடமாக அந்தப் படிவத்தைப் பிறருக்கு நிரப்பிக் கொடுத்தவள் அவள். நாளைக்கு முப்பது. காயில்காரர் உட்கார்ந்தார். உட்கார்ந்து, வேறு வழியில்லாமல், மனதுக்குள் எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. மேலாளர் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது. எழுபது. நூற்று நாற்பதில் காண்ட்ராக்டருக்கு இருமல் வந்து நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். திரும்பத் தொடங்கினார். இருநூற்றுப் பதினொன்றில் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

கவுண்டர் பெண் எழுந்து, தினமும் இருநூறு பேரிடம் கேட்கும் அதே குரலில் கேட்டாள்:

"வேற ஏதாவது சொல்லணுமா சார்?"

"இல்ல" என்றார் காண்ட்ராக்டர். "முடிஞ்சுது."

அவள் கறுப்புப் பேனாவை நீட்டினாள். கையெழுத்துப் போட்டார். உறுப்பினர்கள் இருவரும் போட்டார்கள். காண்ட்ராக்டர் யார் முகத்தையும் பார்க்காமல் போனார். அவருக்குப் பின்னால் உறுப்பினர்களும், பயிற்சியாளரும், சுருக்கெழுத்துக்காரரும் அவரவர் மாடிக்குப் போனார்கள். மேலாளர் கடைசிக் கையெழுத்தைப் போட வேண்டியிருந்தது. போட்டு முடித்துக் கோப்பை மூடினார். ஐந்தாம் கவுண்டருக்கு இன்னும் பதினோரு மாதம்.

"ஒருத்தர்கூட வாயத் திறக்கலியே" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு காயில்காரரிடம், "உங்களுக்காவது பாவமா இல்லையா சார்?" என்று கேட்டார்.

"இருந்துச்சு சார்."

"அப்புறம்?"

"அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுமே."

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

மேசையோரத்தில் இருந்த குடத்திலிருந்து கவுண்டர் பெண் ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனவர், நாலு வருடப் பழக்கத்தில், பாதி வழியிலேயே நிறுத்திக் கேட்டார்:

"இது எந்தப் படியில வருது?"

"எதுலயும் வராது சார்" என்றாள் அவள். "குடிங்க."

கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, அவர் குடித்தார்.